ஃபென்டன் கண்ணாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வசிப்பவர்கள் பழம்பொருள் கடைகளில் இதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்: பால்வெள்ளை நிறத்தில், உடம்பெல்லாம் குமிழ் குமிழாக, வாய்ப்பகுதி மடிந்து மடிந்து நிற்கும் பூ ஜாடி. அதைச் செய்தது பெரும்பாலும் ஃபென்டன் கம்பெனியாகத்தான் இருக்கும். அந்த நிறுவனத்தின் கதையைப் பற்றி மறுபடி மறுபடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

ஃபென்டன் என்பது என்ன கம்பெனி?

ஃபென்டன் ஆர்ட் கிளாஸ் கம்பெனி ஒரு குடும்ப நிறுவனம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில், வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருந்தது. 1905-ல் அண்ணன் தம்பிகள் ஆரம்பித்தார்கள். 2011-ல் உலை அணைக்கப்படும் வரை அதே குடும்பத்தின் கையிலேயே இருந்தது. பூ ஜாடி, கிண்ணம், கூடை, விளக்கு, வாசனைக் குப்பி, சின்னச் சின்ன விலங்குப் பொம்மைகள் என்று எல்லாம் செய்தார்கள். கைவேலைதான், ஆனால் நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில். இந்த இரண்டும் ஒன்றாக நூறு வருடம் நடந்தது என்பதுதான் அந்தக் கம்பெனியின் சாதனை என்பேன். அழகான கண்ணாடி செய்தவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர் உண்டு. அதில் தாக்குப்பிடித்தவர்கள் மிகக் குறைவு.

டிஃபனி, ஸ்டூபன் போன்றவர்களோடு இதை வைத்துப் பேசலாமா?

பேசலாம், ஆனால் தளம் வேறு. நியூயார்க்கின் லூயி கம்ஃபர்ட் டிஃபனி 1890-களில் ஃபாவ்ரீல் என்ற மின்னும் கண்ணாடியைக் கொண்டுவந்தார். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங்கில் 1903-ல் தொடங்கிய ஸ்டூபன் நிறுவனத்தில், ஃபிரெடரிக் கார்டர் ஆரீன் என்ற தங்க மினுமினுப்பைச் செய்தார். இரண்டும் பணக்கார வீடுகளுக்கானவை. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊதிச் செய்யப்பட்டவை.

ஃபென்டன் அதே மினுமினுப்பை அச்சில் அழுத்திய கண்ணாடி மேல் ஏற்றி, சந்தைக்கடை விலைக்குக் கொண்டுவந்தது. "ஏழைகளின் டிஃபனி" என்று பிற்காலத்தில் ஒரு பெயரும் வந்தது. அதை இளக்காரமாகச் சொன்னவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அது பாராட்டுதான்.

எப்படி ஆரம்பித்தார்கள்?

ஃபிராங்க் எல். ஃபென்டனும் அவருடைய சகோதரர் ஜான் ஃபென்டனும் 1905-ல் ஒஹையோ மாநிலத்தின் மார்ட்டின்ஸ் ஃபெரியில், பழைய கண்ணாடித் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் வேலையைத் தொடங்கினார்கள். அப்போது அவர்களிடம் உலையே கிடையாது. மற்ற தொழிற்சாலைகளிலிருந்து வெறும் கண்ணாடிச் சாமான்களை வாங்கி, அதில் வண்ணம் தீட்டி விற்றார்கள். அவ்வளவுதான்.

சிக்கல் சீக்கிரமே வந்தது. வெறும் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தவர்கள், "நம்மிடம் வாங்கி நமக்கே போட்டியாக விற்கிறார்களே" என்று சரக்கைத் தர மறுத்தார்கள். சரி, நாமே கண்ணாடி உருக்கிவிடலாம் என்று சகோதரர்கள் முடிவெடுத்தார்கள். ஆற்றுக்கு இந்தப்பக்கம் வில்லியம்ஸ்டவுனில் 1906-ல் தொழிற்சாலை கட்டினார்கள். 1907 ஜனவரி 2-ஆம் தேதி முதல் கண்ணாடி வெளியே வந்தது.

பின்னால் 1940-களில் இது தலைகீழாகத் திரும்பியது. நியூயார்க்கின் ஏபல்ஸ் வாசர்பெர்க் போன்ற நிறுவனங்கள் ஃபென்டனிடம் வெறும் கண்ணாடியை வாங்கி, தங்கள் ஆட்களை வைத்துப் பூ வரைந்து விற்றன. ஃபென்டன் அவர்களுக்குச் சரக்கை நிறுத்தவில்லை.

ஏன் அந்த ஊர்?

எரிவாயுதான் காரணம். கண்ணாடி உலை இரவு பகலாக எரிய வேண்டும். ஒருமுறை பற்றவைத்தால் அணைப்பது நஷ்டம். அந்தக் காலத்தில் மேற்கு வர்ஜீனியாவிலும் ஒஹையோவிலும் நிலத்தடி எரிவாயு மலிவாகக் கிடைத்தது. நல்ல சிலிக்கா மணல் அதே மாநிலத்தில் கிடைத்தது, சரக்கு அனுப்ப ஆறும் ரயிலும் இருந்தன. அந்த வட்டாரத்தில் டஜன் கணக்கில் கண்ணாடித் தொழிற்சாலைகள் முளைத்ததற்கும் இதுதான் காரணம். நூறு வருடம் கழித்து ஃபென்டனின் கழுத்தை நெரித்த காரணங்களில் ஒன்றும் அதே எரிவாயு பில்தான். அதைக் கீழே பார்க்கலாம்.

ஜேக்கப் ரோசென்தால் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

எந்த நிறத்துக்குக் கண்ணாடிக் குழம்பில் என்ன கலப்பது என்ற சேர்மானம் தெரிந்தவர். இண்டியானா மாநிலத்தின் கிரீன்டவுனில் இருந்த ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில், சாக்லேட் நிறத்தில் வரி வரியாக ஓடும் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர். அந்தத் தொழிற்சாலை 1903-ல் தீயில் அழிந்துபோனது. அப்புறம் ஃபென்டன் சகோதரர்கள் அவரை அழைத்துக்கொண்டார்கள்.

கண்ணாடித் தொழிலில் நிறம்தான் சொத்து. கோபால்ட் போட்டால் நீலம், மாங்கனீஸ் போட்டால் கத்திரிப்பூ நிறம், தங்கம் போட்டால் சிவப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். எவ்வளவு போட வேண்டும், எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரம் என்பது ரகசியம். ரோசென்தாலுக்குப் பிறகு அவருடைய மகன் பால், அவருக்குப் பிறகு சார்லஸ் கோ என்று, அந்தச் சேர்மானக் குறிப்புகளைக் காத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஃபென்டனின் வரலாற்றை முதலாளிகளின் வரலாறாக எழுதுவது வழக்கம். இந்தச் சேர்மானக்காரர்களின் வரலாறாக எழுதினாலும் பொருந்தும்.

கார்னிவல் கிளாஸ் என்றால் என்ன? அதை எப்படிச் செய்தார்கள்?

மயில்கழுத்து நிறத்தில் மின்னும் கண்ணாடி. ஒரு பக்கம் திருப்பினால் ஊதா, இன்னொரு பக்கம் திருப்பினால் பச்சை, நடுவில் எங்கோ தங்கம். 1907-ன் கடைசியில் ஃபென்டன் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அச்சில் அழுத்திய மலிவுக் கண்ணாடியில் இந்த மினுமினுப்பைப் பெருமளவில் முதலில் விற்றவர்கள் இவர்கள்தான். அப்புறம் நார்த்வுட், இம்பீரியல் போன்ற கம்பெனிகளும் குதித்தன.

செய்முறை கேட்பதற்கு எளிது. சூடான கண்ணாடிக் குழம்பை இரும்பு அச்சில் இட்டு அழுத்துவார்கள். அச்சிலிருந்து எடுத்தவுடன், சூடு தணியும் முன்பே, உலோக உப்புக் கரைசலை அதன் மேல் தெளிப்பார்கள். கரைசலில் பெரும்பாலும் இரும்பு அல்லது வெள்ளீயத்தின் குளோரைடு இருக்கும். 'புஸ்ஸ்' என்று ஆவி கிளம்பும். அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் தொண்டை எரியும். ஆவி அடங்கியதும் கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். ஒளி அந்தப் படலத்தின் மேல்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பி வரும்போதுதான் அந்த வண்ண விளையாட்டு.

அடிக் கண்ணாடி எந்த நிறமோ அதைப் பொறுத்து மேல் மினுமினுப்பு மாறும். நிறமில்லாத கண்ணாடி மேல் இரும்பு உப்பு தெளித்தால் சாமந்திப்பூவின் ஆரஞ்சு வரும்; இதுதான் அதிகம் கிடைப்பது, விலையும் குறைவு. நீலம், ஊதா, பச்சை எல்லாம் அடுத்த படி. சிவப்பு அபூர்வம். 1920-களில் ஃபென்டன் செய்த சிவப்புக் கார்னிவல் கிண்ணங்களுக்கு இன்று சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஆரஞ்சு மரம், டிராகனும் தாமரையும், பட்டாம்பூச்சியும் பெர்ரியும் என்று அச்சுகளுக்குப் பெயர்கள் உண்டு.

"கார்னிவல்" என்ற பெயரை ஃபென்டன் வைக்கவில்லை. மோகம் தீர்ந்து விற்காமல் தேங்கிய சரக்கைத் திருவிழாக் கூடாரங்களில் வளையம் எறிந்து ஜெயித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த நினைவில் பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் அது.

இந்தியாவிலும் கார்னிவல் கிளாஸ் செய்தார்களாமே?

ஆமாம். ஃபென்டன் இல்லை, உத்தரப்பிரதேசத்தின் பிரோசாபாத்தில் இருந்த ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ். வளையலுக்குப் பெயர்போன அந்த ஊரில், இதே மாதிரி மின்னும் டம்ளர்களும் பூ ஜாடிகளும் வந்தன. மீன் வடிவப் பூ ஜாடி ஒன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையே பிரபலம். கண்ணாடியிலேயே ஜெயின் என்ற பெயர் பதிந்திருப்பதும் உண்டு. உங்கள் பாட்டி வீட்டு அலமாரியில் ஆரஞ்சாக மின்னும் டம்ளர் இருந்தால், அது அமெரிக்காவிலிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு, பிரோசாபாத்தாக இருக்கலாம்.

ஜான் ஃபென்டன் என்ன ஆனார்?

தனியாகப் போய்விட்டார். 1909-ல் ஒஹையோவின் மில்லர்ஸ்பர்க்கில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். ரேடியம் என்ற பெயரில், முகம் பார்க்கும் கண்ணாடிபோல முகம் தெரியும் பளபளப்பில் சரக்கு செய்தார். தரத்தில் குறை சொல்ல முடியாது. கணக்கில்தான் கோட்டை விட்டார். 1911-ல் திவால். அந்தக் குறுகிய காலத்தில் வந்த சரக்கு மிகக் குறைவு என்பதாலேயே, இன்று மில்லர்ஸ்பர்க் கண்ணாடி பல சமயம் ஃபென்டனைவிட அதிக விலைக்குப் போகிறது.

1920-களிலும் பொருளாதாரப் பெருமந்தத்திலும் எப்படித் தப்பித்தார்கள்?

கார்னிவல் மோகம் அடங்கியதும், அதே கரைசலை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். முதலில் தெளித்துவிட்டு, மறுபடி சூடேற்றி வளைத்து விரித்தால் மேலிருக்கும் படலம் மட்டும் நீள முடியாமல் நுணுக்கமாக வெடிக்கும். வெங்காயச் சருகில் தெரியும் வரிகள் மாதிரி இருக்கும். அதற்கு ஸ்ட்ரெட்ச் கிளாஸ் என்று பெயர். 1920-களின் வீடுகளுக்கு அந்த அடக்கமான பளபளப்பு பிடித்தது.

1920-களின் நடுவில் ஐரோப்பியக் கைவினைஞர்களைக் கொண்டு, அச்சே இல்லாமல் ஊதிச் செய்யும் உயர்ரகக் கலைக் கண்ணாடியையும் முயன்று பார்த்தார்கள். நூல் நூலாகக் கண்ணாடி இழைத்து, இதய வடிவ இலைகள் பதித்த ஜாடிகள். அழகு, ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. ஓரிரு வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். இன்று அருங்காட்சியகத்தில் வைக்கும் தரம். அன்று நஷ்டக் கணக்கு.

பெருமந்தம் வந்தபோது கலையெல்லாம் ஓரம் போனது. டார்மையர் என்ற கம்பெனியின் மின்சார மிக்சருக்குக் கிண்ணமும் ஆரஞ்சு பிழியும் கிண்ணமும் செய்துகொடுத்தார்கள். கலைக் கண்ணாடி என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு மாவு கலக்கும் கிண்ணம் செய்வதா என்று அவர்கள் தயங்கவில்லை. உலை எரிய வேண்டும், ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். தயங்கியிருந்தால் இந்தப் பக்கத்தை எழுத வேண்டியே இருந்திருக்காது.

ஹாப்நெய்ல் குப்பிதான் கம்பெனியைக் காப்பாற்றியது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. உடம்பெல்லாம் குமிழ்கள் துருத்தி நிற்கும் வேலைப்பாட்டை ஹாப்நெய்ல் என்கிறார்கள். இது ஃபென்டனின் கண்டுபிடிப்பு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் இருந்தது. எல்.ஜி. ரைட் என்ற மொத்த வியாபாரிக்காக ஃபென்டன் 1930-களின் கடைசியில் பழைய பாணியில் ஒரு ஹாப்நெய்ல் குப்பி செய்துகொடுத்தது. முடிதிருத்தும் கடைகளில் தைலம் வைக்கும் மாதிரி. சிகாகோவின் ஆலன் பி. ரிஸ்லி என்ற சோப்பு, வாசனைத் திரவியக் கம்பெனிக்கு அந்தக் குப்பி பிடித்துப்போய், தங்கள் வாசனைத் தண்ணீருக்கு அதே போல ஒன்று கேட்டது.

இப்படித்தான் 1939-ல் மரமூடி போட்ட ரிஸ்லி குப்பி கடைகளுக்கு வந்தது. உடம்பு நிறமற்ற கண்ணாடி, குமிழ்களின் நுனி மட்டும் பால்வெள்ளை. இதில் தனியாக வெள்ளை எதுவும் பூசவில்லை. ஒரே குழம்புதான். அச்சிலிருந்து வரும்போது முழுக்கத் தெளிவாகத்தான் இருக்கும். துருத்தி நிற்கும் குமிழ்கள் முதலில் ஆறும். மறுபடி உலை வாயில் காட்டும்போது, ஆறிய அந்த இடங்கள் மட்டும் வெள்ளையாகத் திரும்பும். ஒரு நிமிடம் கூடுதலாகக் காட்டினால் வெள்ளை பரவிவிடும்.

குப்பி நன்றாக விற்றது. மந்தத்தில் திணறிய கம்பெனிக்கு அந்த ஆர்டர் மூச்சுக் கொடுத்தது. குப்பி காலியான பிறகும் யாரும் தூக்கிப்போடவில்லை என்பதை ஃபென்டன் கவனித்தது. 1940 முதல் தானே ஹாப்நெய்ல் ஜாடி, கிண்ணம், கூடை என்று வரிசையாகச் செய்யத் தொடங்கியது. 1950-களில் அதையே முழுப் பால்வெள்ளையில் கொண்டுவந்தபோது கம்பெனி வரலாற்றிலேயே அதிகம் விற்ற வரிசை அதுதான் ஆனது. கல்யாணப் பரிசு என்றால் மில்க் கிளாஸ் என்ற நிலை.

இவ்வளவு விற்றதாலேயே இன்று வெள்ளை ஹாப்நெய்ல் எங்கும் கிடைக்கும். "பழசு, அதனால் விலை ஏறும்" என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

கிரெஸ்ட் வரிசை என்பது?

கிண்ணத்தின் வாயைச் சுற்றி வேறு நிறக் கண்ணாடியால் விளிம்பு கட்டியவை. கிண்ணம் இன்னும் சூடாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது, உருகிய கண்ணாடியை நூலாக இழுத்து ஓரத்தில் சுற்றுவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் கத்தரியால் வெட்டி, முடிச்சு தெரியாமல் ஒட்ட வேண்டும். அதன்பின் ஓரத்தை அச்சில் அழுத்தி மடிப்பு விடுவார்கள்.

பீச் கிரெஸ்ட் 1940-ல் வந்தது. வெளியே பால்வெள்ளை, உள்ளே இளஞ்சிவப்பு, ஓரம் தெளிந்த கண்ணாடி. வெள்ளை உடம்பும் தெளிந்த ஓரமுமாக சில்வர் கிரெஸ்ட் 1943-ல் வந்து, பல பத்தாண்டுகள் ஓடியது. நீல ஓரம், பச்சை ஓரம் என்று தங்கைகள் பலர். கையில் எடுத்துப் பார்க்கும்போது விளிம்பை விரலால் தடவுங்கள். நூல் சேர்ந்த இடத்தில் சின்ன மேடு ஒன்று தட்டுப்படலாம். அது குறையில்லை, கைவேலையின் தடம்.

1948-ல் என்ன நடந்தது?

நிறுவனர் ஃபிராங்க் எல். ஃபென்டன் இறந்தார். அவரோடு கம்பெனியை நடத்திய சகோதரர் ராபர்ட்டும் அதே காலத்தில் போய்ச் சேர்ந்தார். மகன்கள் ஃபிராங்க் எம். ஃபென்டனும் பில் ஃபென்டனும் பொறுப்பேற்றார்கள். மூத்தவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது, இளையவர் இருபதுகளில். போர் முடிந்து எல்லாரும் வாங்கித் தள்ளிய காலம் தணிந்து, இறக்குமதிச் சரக்கும் இயந்திரச் சரக்கும் வர ஆரம்பித்த நேரம். அக்கம்பக்கத்துக் கைவேலைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: அண்ணன் உற்பத்தி, தம்பி விற்பனை. மூடிய கம்பெனிகளின் அச்சுகளை வாங்கிச் சேர்த்ததும் இந்தத் தலைமுறைதான். வெர்லிஸ், யுனைடெட் ஸ்டேட்ஸ் கிளாஸ் போன்றவற்றின் அச்சுகள் வில்லியம்ஸ்டவுனுக்கு வந்தன. சேகரிப்பாளர்கள் கொஞ்சும் 'ஆலி கேட்' என்ற சிரிக்கும் பூனைகூட இப்படி வாங்கிய அச்சில் வார்த்ததுதான்.

தொழிற்சாலைக்குள் வேலை எப்படி நடக்கும்?

குழுவாக நடக்கும். ஒருவர் இரும்புக் கம்பியின் நுனியில் உலையிலிருந்து குழம்பைச் சுற்றி எடுப்பார். உலைச்சூடு 1,300 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குழம்பு தேன் பதத்தில் தொங்கும். அதை அச்சுக்கு மேல் பிடித்ததும் அழுத்துபவர் கத்தரியால் வெட்டுவார். கொஞ்சம் அதிகம் விழுந்தால் விளிம்பு தடிக்கும். குறைந்தால் வாய் முழுமையாக வராது. தராசு கிடையாது, கண்தான் அளவு. நெம்புகோலை இழுத்து அழுத்தி, அச்சைத் திறந்து எடுத்தால் சாமான் செக்கச்செவேல் என்று வரும்.

அதன் அடிப்பாகத்தை ஒரு கவ்வியில் பிடித்து மறுபடி தீயில் காட்டுவார்கள். அப்புறம் வடிவம் கொடுப்பவர் கைக்குப் போகும். அவர்தான் அந்தக் குழுவில் மூத்தவர். நாற்காலியில் உட்கார்ந்து கம்பியை உருட்டிக்கொண்டே மரக்கருவியால் வாயை விரிப்பார். ஒரே அச்சில் வந்த சாமானை ஒருவர் கிண்ணமாக விரிக்கலாம், இன்னொருவர் ஜாடியாக இழுக்கலாம், வேறொருவர் தொப்பி வடிவில் மடக்கலாம். அச்சு செய்வது பெரிய செலவு. ஒன்றை வைத்துப் பத்து வடிவம் எடுத்ததால்தான் விலை கட்டுப்படியானது.

கைப்பிடி வைக்க வேண்டிய கூடை என்றால் இன்னொரு கைவினைஞர் வருவார். உருகிய கண்ணாடித் தண்டை ஒருபக்கம் ஒட்டி, வளைத்து மறுபக்கம் அழுத்த அவருக்குச் சில நொடிகள்தான் உண்டு. கைப்பிடி ஒட்டிய இடத்தில் தங்கள் சொந்த முத்திரையை அழுத்திவிடும் வழக்கம் கூடைகளில் உண்டு. எந்தக் கூடையை யார் செய்தது என்று இன்றும் அதை வைத்துச் சொல்கிறார்கள்.

கடைசியில் மெதுவாக நகரும் நீண்ட அடுப்புக்குள் மணிக்கணக்கில் ஆறும். இதை அவசரப்படுத்தினால், சாமான் என்றோ ஒருநாள் அலமாரியில் இருந்தபடியே விரிசல் விடும்.

பர்மீஸ் கண்ணாடியில் யுரேனியம் இருக்கிறதாமே? ஆபத்தா?

இருக்கிறது. பர்மீஸ் என்பது அடியில் எலுமிச்சை மஞ்சளும் மேலே இளஞ்சிவப்புமாகக் கலந்து மாறும் கண்ணாடி. 1885-ல் மாசசூசெட்ஸின் மவுண்ட் வாஷிங்டன் கம்பெனியில் வந்தது. மஞ்சளுக்கு யுரேனியம், சிவப்புக்குத் தங்கம். தங்கம் சேர்ந்த கண்ணாடி மறுபடி தீயில் காட்டிய இடத்தில் மட்டும் சிவக்கும். ஆகவே மேல்பாதியை மட்டும் தீயில் காட்டினால் இரு நிறமும் ஒரே சாமானில் வரும். சேர்மானத்தில் துளி பிசகினாலும் ஒன்று பழுப்பாகும், அல்லது வெளிறிப்போகும். பல வருடங்களாக யாரும் தொடாமல் விட்டதை ஃபென்டன் 1970-ல் மறுபடி கொண்டுவந்தது. அவர்கள் செய்ததிலேயே கடினமானது இதுதான் என்பது என் எண்ணம். வெள்ளை ஹாப்நெய்ல் சோறு போட்டது. பர்மீஸ் மரியாதையைக் கொடுத்தது.

புற ஊதா விளக்கு அடித்தால் பச்சையாக ஒளிரும். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதால் கெடுதல் இல்லை. கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் அதில் ஊறுகாய் போட்டு வைக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரசு யுரேனியத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டதால், 1940-களின் நடுவிலிருந்து 1950-களின் கடைசி வரை அமெரிக்காவில் இந்த மஞ்சள் கண்ணாடியே வரவில்லை.

கையால் வரைந்த பூக்கள் யாருடையவை?

1968-ல் லூயிஸ் பைப்பர் என்ற ஓவியர் சேர்ந்து, வண்ணம் தீட்டும் பிரிவை மறுபடி கட்டியெழுப்பினார். அவரிடம் பழகிய பெண்கள் பலர் பல வருடம் அங்கேயே வேலை பார்த்தார்கள். வண்ணத்தைத் தீட்டிச் சூளையில் சுட்டுப் பதியவைப்பார்கள். வரைந்தவர் தன் பெயரை அடியில் எழுதுவது வழக்கம். அடியில் மெல்லிய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தால், அது முந்தைய சொந்தக்காரி எழுதியது என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.

அசல் ஃபென்டனை எப்படிக் கண்டுபிடிப்பது?

1970-க்கு முன் வந்தவற்றில் கண்ணாடியில் பதிந்த முத்திரை இருக்காது. காகித ஒட்டிதான், அது கழுவும்போது போய்விடும். 1970-ல் பழைய கார்னிவல் நிறங்களை மறுபடி வார்த்தபோது, பழசு என்று சொல்லி யாரும் ஏமாற்றக்கூடாதே என்று நீள்வட்டத்துக்குள் ஃபென்டன் பெயரைப் பதித்தார்கள். 1970-களின் நடுவிலிருந்து எல்லாச் சாமான்களிலும் வந்தது. 1980-களில் அந்த வட்டத்துக்குள் சின்ன 8, 1990-களில் 9, 2000-களில் 0 சேர்ந்தது. வேறு கம்பெனிகளிடம் வாங்கிய அச்சுகளில் வார்த்தவற்றுக்கு 1980-களிலிருந்து வெறும் எஃப் எழுத்து.

ஆகவே, முத்திரை இருந்தால் பெரும்பாலும் 1970-க்குப் பிந்தையது. முத்திரை இல்லாததாலேயே போலி என்று ஒதுக்கவும் முடியாது. பழைய விற்பனைப் பட்டியல்களோடு வடிவம், நிறம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. ஃபென்டன் ஆர்ட் கிளாஸ் கலெக்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று 1977-ல் தொடங்கிய சங்கம் போன்ற இடங்களில் இதற்கென்றே கண் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

தொலைக்காட்சியில் விற்றார்களாமே?

1988-லிருந்து க்யூவிசி என்ற தொலைக்காட்சி விற்பனைச் சேனலில் பில் ஃபென்டனே வந்து உட்கார்ந்து ஜாடியைக் கையில் பிடித்துக் கதை சொல்லி விற்றார். பரிசுப் பொருள் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரத்தில் இது பெரிய வாய்க்கால். குடும்பத்தார் கையெழுத்திட்ட சாமான்களுக்குத் தனிக் கிராக்கி. சேகரிப்புக்கென்றே அளவாகச் செய்த வரிசைகள் பெருகியதும் இந்தக் காலத்தில்தான். கொஞ்சம் அதிகமாகவே பெருகிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு ஏன் மூடினார்கள்?

ஒரே காரணம் இல்லை. எரிவாயு விலை ஏறியது. சீனாவிலிருந்து மலிவுச் சரக்கு வந்தது. வாங்கிச் சேர்த்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கண்ணாடி அலமாரி வைக்கும் ஆசை இல்லை. கடனும் சேர்ந்தது.

2007 ஆகஸ்டில், அப்போதைய தலைவர் ஜார்ஜ் ஃபென்டன் காலத்தில், மூடப்போவதாக அறிவித்தார்கள். உடனே நாடெங்கிலுமிருந்து ஆர்டர்கள் குவிந்தன. அந்தப் பணத்தில் சமாளித்து ஓட்டினார்கள். ஆனால் இழவு வீட்டுக்கு வந்த கூட்டத்தை வைத்து வியாபாரம் நடத்த முடியாது. 2011 ஜூலையில் பாரம்பரியக் கண்ணாடி உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதே 2011-ன் கடைசியில் ஸ்டூபனும் உற்பத்தியை நிறுத்தியது. பணக்காரர்களுக்குச் செய்தவர்களும் நடுத்தர வர்க்கத்துக்குச் செய்தவர்களும் ஒரே வருடத்தில் கடையைக் கட்டினார்கள்.

தொழிற்சாலை இப்போது இருக்கிறதா? அச்சுகள் எங்கே?

கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இன்று வில்லியம்ஸ்டவுன் தொடக்கப்பள்ளி நிற்கிறது. அச்சுகள் விற்கப்பட்டு வேறு கண்ணாடிக் கம்பெனிகளின் கைக்குப் போயின. ஆகவே, ஃபென்டன் அச்சில் வார்த்த புதுச் சாமான்கள் இன்னும் சந்தைக்கு வருகின்றன. கடையில் பளபளப்பாகக் கீறலே இல்லாமல் இருக்கும் ஒன்றைப் "பழைய ஃபென்டன்" என்று சொன்னால் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஐம்பது வருடம் அலமாரியில் நகர்ந்திருந்தால், தரையைத் தொடும் வளையத்தில் தேய்மானம் இருக்கும்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் மேற்கு வர்ஜீனியாவின் வெஸ்டனில் உள்ள அமெரிக்கக் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அந்த மாநிலத்தின் மற்ற கண்ணாடிக் கம்பெனிகளின் சரக்கையும் அங்கே சேர்த்துப் பார்க்க முடியும்.

வாங்கிவிட்டேன். எப்படிப் பராமரிப்பது?

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது. வெந்நீரும் காரமும் கார்னிவல் படலத்தை மங்க வைத்துவிடும். வரைந்த பூவும் வெளுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு, பருத்தித் துணி, அவ்வளவு போதும். கிண்ணம் கழுவும் தொட்டிக்குள் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ஹாப்நெய்ல் குமிழ்களின் நுனிதான் முதலில் உடைவது. வாங்கும்போதும் ஒவ்வொரு குமிழாக விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.